ஐம்பது ரூபா முத்திரையும் எங்கள் சங்கத்துக் கடிதமும்

எங்கள் மாதர் சங்கத்தின் அலுமாரியில், மேல்தட்டிலே, மட்டை கிழிந்த சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மீளக்குடியமர்ந்து தகரக் கொட்டிலுக்குள் இருந்தபடியே நாங்கள் தொடங்கிய கொப்பி அது. அதற்குள் இருப்பது வெறும் விலாசங்கள். எங்கள் ஊரை விட்டு வெளியிடங்களுக்குப் போனவர்கள், ஒரு காலத்தில் எங்கள் பாடசாலையில் படிப்பித்த ஆசிரியர்கள், ஊரிலே கடை வைத்திருந்தவர்கள், அவர்கள் சொல்லித் தந்த வேறு நல்ல மனிதர்கள். வருடத்துக்கு ஒரு தடவை இவர்களுக்குக் கடிதம் எழுதுவோம். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை வாங்குவதற்கு உங்களால் முடிந்ததைத் தாருங்கள் என்று கேட்கும் கடிதம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அதை எழுதுவது நான்.

உங்கள் சங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, தபால் செலவையும் கடதாசி விலையையும் பற்றி எழுதட்டுமா என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டார். ஆனால் சகோதரிகளே, 2022ஆம் ஆண்டிலே எங்கள் சங்கம் படுத்துவிடப் பார்த்தது யாருடைய பகையாலும் அல்ல. முத்திரையாலும் கடதாசியாலும்தான். உங்களில் பலர் கிராமங்களில் இப்படியான சங்கங்களை நடத்துகிறீர்கள். அதனால் நாங்கள் பட்ட பாட்டைக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் கடதாசி. 2022 மார்ச் மாதம் டொலரின் பெறுமதி ஏறத் தொடங்கியதை எல்லோரும் அறிவீர்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. நாங்கள் பாவிக்கும் கடதாசி எல்லாம் கப்பலில் வருவது. அந்த மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே வினாத்தாள் அச்சிடக் கடதாசியும் மையும் இல்லையென்று பிற்போடப்பட்டது. கொழும்பில் சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. எங்கள் சந்திக் கடையில் 600 ரூபாவுக்கு வாங்கிய ஒரு றீம் ஏ-4 கடதாசி அந்த வருட நடுப்பகுதியில் 2,000 ரூபாவைத் தாண்டியது. அதுவும் 'இரண்டு றீமுக்கு மேலே தரமாட்டன் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் வைக்கவேணும்' என்று கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டார்.

கடதாசி இல்லாத காலம் எனக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் படித்தேன். கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சாகி வந்ததைக் கண்ட கண்கள் இவை. பழைய கொப்பிகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து, அம்மா ஊசி நூலால் தைத்துத் தருவா. இப்படியெல்லாம் பட்ட எங்களுக்கு இந்த நாட்டிலேயே, அதுவும் கிழக்கிலே, வாழைச்சேனையில் ஒரு கடதாசி ஆலை இருந்தது என்பதை நினைக்கையில்தான் வயிறு எரியும். ஐம்பதுகளில் தொடங்கிய ஆலை அது. வயலில் கழியும் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்தார்கள். யுத்த காலத்திலும் அதற்குப் பின்னரும் அந்த இயந்திரங்கள் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தன. சரி, அது வேறு கதை.

அடுத்தது முத்திரை. 2022 ஓகஸ்ட் 15ஆம் திகதி முதல் சாதாரண கடிதம் ஒன்றுக்கான ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. ஒரு கடிதம் எழுதுகிறவருக்கு அது 35 ரூபா. நானூறு கடிதம் எழுதுகிறவருக்கு?

அன்று மாலையே பொருளாளரும் நானும் இருந்து கணக்குப் பார்த்தோம். 2021இல் நாங்கள் அனுப்பியது 412 கடிதங்கள். ஒவ்வோர் உறைக்குள்ளும் மூன்று தாள்கள்: கடிதம் ஒன்று, கடந்த வருடக் கணக்கறிக்கை ஒன்று, நிரப்பி அனுப்பும் படிவம் ஒன்று. கூடவே எங்கள் விலாசம் எழுதி முத்திரையும் ஒட்டிய பதில் உறை. போகும் முத்திரை 15, வரும் முத்திரை 15. ஆக முத்திரைக்கு மட்டும் 12,360 ரூபா. தாள், போட்டோப் பிரதி, உறைகள் என்று கடிதத்துக்கு 20 ரூபா வீதம் 8,240. மொத்தச் செலவு 20,600. அந்த வருடம் வந்த உதவி 97,000. கையில் மிஞ்சிய 76,400 ரூபாவில் 31 பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கினோம்.

அதே மாதிரி 2022இலும் அனுப்பினால் முத்திரைக்கு 41,200. தாளும் பிரதியும் உறையும் கடிதத்துக்கு 67 ரூபா வரையில் வந்து 27,604. இரண்டும் சேர்த்தால் 68,804 ரூபா. சனம் முந்தி மாதிரியே தந்தாலும் மிஞ்சுவது 28,196. இதற்குள் கொப்பியும் சப்பாத்தும் மூன்று மடங்கு விலை. 31 பிள்ளைகளில் யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? பொருளாளர் பேனையை மூடி வைத்துவிட்டு, "அக்கா, நாங்கள் தபால் கந்தோருக்குத்தான் காசு சேர்க்கிறம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டம். எங்கள் தலைவியை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இளையவர்கள் சிலர், கடிதத்தை விட்டுவிட்டு வட்ஸ்அப்பில் அனுப்புவோம், ஒரு சதமும் செலவில்லை என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் கொப்பியில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. பலரிடம் பொத்தான் போன்தான். அதோடு முந்திய வருடம் பரீட்சார்த்தமாக 40 பேருக்கு போனில் அனுப்பிப் பார்த்திருந்தோம். பெருவிரல் படம் வந்தது, பூங்கொத்துப் படம் வந்தது, காசு அனுப்பியவர் மூன்று பேர். பெரியக்கா சொன்னா: "கடிதம் எண்டால் மேசையில கிடக்கும். கிடந்து கிடந்து கண்ணில குத்தும். உந்தப் போனுக்குள்ள போனது எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்?" கடிதம் நிற்கக்கூடாது, ஆனால் செலவு குறையவேண்டும். இதுதான் தீர்மானம். எப்படிக் குறைப்பது என்பதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் முதலில் போனது எங்கள் உப தபாற்கந்தோருக்கு. அங்கேயுள்ள தபாலதிபர் அம்மா பொறுமையான மனுசி. சாதாரண கடிதத்துக்கான ஆகக் குறைந்த கட்டணம் ஒரு குறிப்பிட்ட எடை வரைக்கும்தான் என்பதை மறுபடி ஞாபகப்படுத்தினா. அந்த எடையைத் தாண்டினால் அடுத்த படிக் கட்டணம். எத்தனை கிராம், எவ்வளவு காசு என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே இங்கே இலக்கம் எழுதாமல் உங்கள் தபாற்கந்தோரில் கேட்டறியும்படி சொல்கிறேன். கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் விட்டதால் ஒருமுறை நான் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல. 2016இல் பிள்ளைகளின் படத்தோடு பளபளப்பான தடித்த தாளிலே கடிதம் அடித்தோம். அழகென்றால் அழகு. நிறுத்துப் பார்க்காமல் வழமையான முத்திரையை ஒட்டிப் போட்டுவிட்டேன். குறைந்த முத்திரைக்குப் பெறுகிறவரிடம் இரட்டிப்பாகத் தண்டம் அறவிடுவார்கள். எங்களுக்கு உதவி செய்கிறவர்கள் வாசலில் நின்று தபாற்காரருக்குத் தண்டம் கட்டி எங்கள் கடிதத்தை வாங்கியிருக்கிறார்கள். சிலர் வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எடையைக் கணக்குப் பார்ப்பது லேசு. கடதாசிக் கட்டின் மேலே 70 ஜி.எஸ்.எம்., 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீற்றர் கடதாசி அத்தனை கிராம் என்பது அதன் பொருள். ஏ-4 தாள்கள் பதினாறைப் பக்கத்துப் பக்கம் அடுக்கினால் ஒரு சதுர மீற்றர் வரும். ஆகவே 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம். 70 என்றால் நாலரைக் கிராமுக்கும் சற்றுக் குறைவு. எங்கள் பழைய கடிதத்தின் மூன்று தாளே 15 கிராம். அதன் மேலே இரண்டு உறைகள். வீட்டுத் தராசில் நிற்காது, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள் என்பார்கள். அதற்கெல்லாம் போகத் தேவையில்லை, பத்துக் கடிதத்தை ஒன்றாக வைத்துப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பத்தால் பிரித்தால் போதும்.

அன்றிரவு படுத்திருக்கும்போது நினைவில் வந்தது அந்த நீல நிற ஏரோகிராம். வெளிநாட்டிலிருந்த அண்ணனுக்கு அம்மா எழுதுவது அதில்தான். ஒரே தாள். உள்ளே எழுதி, மூன்றாக மடித்து, ஓரத்தை ஒட்டினால் அதுவே கடிதம், அதுவே உறை. ஏன் நாங்களும் அப்படிச் செய்யக்கூடாது? அடுத்த நாள் ஒரு ஏ-4 தாளை மடித்து ஒட்டிக் கொண்டுபோய்த் தபாலதிபர் அம்மாவிடம் காட்டினேன். நாலு பக்கமும் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், விலாசத்துக்கு இடம் தெளிவாக இருக்க வேண்டும், முத்திரைக்கு மேல்மூலை வெறுமையாக இருக்க வேண்டும், அப்படியென்றால் தடையில்லை என்றா. மூன்று தாள் ஒரு தாளாயிற்று. உறை இரண்டும் போயின. கணக்கறிக்கையை ஆறு வரியாகச் சுருக்கிப் பின்பக்கத்தில் போட்டோம். சுருக்கிய பிறகுதான் தெரிந்தது, முந்தி ஒரு முழுப் பக்கத்தில் போட்டதை ஒருவரும் வாசித்திருக்கமாட்டார்கள்!

அச்சிலும் ஒரு விடயம் படித்தேன். போட்டோப் பிரதி என்றால் ஒரு தாளுக்கு ஒரு விலை, நூறு எடுத்தாலும் அதே விலைதான். றைசோ இயந்திரத்தில் அடித்தால் முதலில் ஒரு மூலத்தாள் வெட்டவேண்டும். அதற்குத்தான் காசு கூட. அதற்குப் பிறகு வரும் பிரதிகள் மிகவும் மலிவு. பழைய றோணியோ மாதிரியேதான். பத்துப் பிரதிக்குப் போட்டோப் பிரதி நல்லது, நூறைத் தாண்டினால் றைசோ. ரவுணில் ஓர் அச்சகத்தில் இரண்டு பக்கமும் அடித்து, தாளோடு சேர்த்து ஒரு கடிதம் 12 ரூபாவில் முடிந்தது. ஒட்டுகிற பசையை நாங்களே காய்ச்சினோம், கோதுமை மாவில். கரப்பான் அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வையுங்கள்.

பதில் உறைக்குப் பதிலாகக் கடிதத்தின் அடியில் வெட்டி எடுக்கக்கூடிய துண்டு ஒன்றும், வங்கிக் கணக்கு இலக்கமும், சங்கத்தின் தொலைபேசி இலக்கமும் போட்டோம். ஒருவர் பதில் எழுதாவிட்டாலும் அவருக்காக ஒட்டிய முத்திரை போனது போனதுதான். அந்த 412 பதில் முத்திரையில் முக்கால்வாசி எங்கேயோ மேசை லாச்சிகளுக்குள் கிடந்திருக்கும்.

அமெரிக்காவிலிருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அங்கே ஒரு தர்ம அமைப்பில் கடிதம் மடித்துக் கொடுக்கிறவள். இலாபநோக்கில்லாத அமைப்புகள் மொத்தமாக அனுப்பும் தபாலுக்கு அங்கே கட்டணம் குறைவாம். ஆனால் ஒரே தடவையில் ஆகக் குறைந்தது 200 கடிதம் இருக்கவேண்டும் அல்லது 50 இறாத்தல் எடை இருக்கவேண்டும், இலக்கப்படி ஊர் ஊராகப் பிரித்துக் கட்டியும் கொடுக்கவேண்டுமாம். பார்க்கப் போனால் நாங்கள் அங்கே போயிருந்தாலும் தேறியிருக்கமாட்டோம். ஏனென்று அடுத்துச் சொல்கிறேன்.

விலாசங்களைக் குறைத்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

இடம்பெயர்ந்த சனத்துக்கு விலாசம் என்பது நிலையான பொருளல்ல. எங்கள் கொப்பியில் ஒருவருக்கு நாலு விலாசம் வெட்டி வெட்டி எழுதியிருக்கும். மெனிக் பாம் முகாமை 2012இல் மூடிவிட்டார்கள். அந்த முகாமில் தந்த பழைய விலாசம் இரண்டு அப்போதும் வெட்டப்படாமல் கிடந்தது! திரும்பி வந்த கடிதங்களை நான் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். 'விலாசத்தில் இல்லை', 'காலமாகிவிட்டார்' என்று தபாற்காரர் எழுதிய குறிப்புகளோடு. அவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது 38 விலாசங்கள் செத்த விலாசங்கள். வருடா வருடம் அவற்றுக்கும் முத்திரை ஒட்டியிருக்கிறோம். திரும்பி வருகிற கடிதத்தைக் குப்பையென்று நினையாதீர்கள். வந்த அன்றே கொப்பியில் குறித்துவிடுங்கள்.

மீதியைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். கடந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது உதவியவர்கள் 143 பேர். ஒருபோதும் பதில் தராதவர்கள் 206 பேர். இன்னும் ஒரு 25 பேர் நடுவிலே. முன்னர் தந்தவர்கள், ஆனால் மூன்று வருடத்துக்கு மேலாகச் சத்தமில்லை. பொருளாளர் அவர்களையும் சேர்ப்போம் என்றாள். நான்தான் மறுத்தேன். 25 பேருக்கு முத்திரை 1,250 ரூபா, ஒரு பிள்ளையின் சப்பாத்துக் காசு என்று வாதாடி வென்றேன். சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

ஆக 2022இல் போனது 143 கடிதங்கள். ஒன்றுக்கு 62 ரூபா வீதம் 8,866 ரூபா. பதில் தந்தவர்கள் 88 பேர், வந்த காசு 112,500. செலவைச் சுருக்கினோம் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தோம், சிலர் அதற்காகவே கூட்டித் தந்தார்கள். 31 பிள்ளைகளில் ஒருவரையும் விடவில்லை. கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்பதை ஒளிப்பானேன்.

பெப்ரவரி மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 1980களில் எங்கள் பாடசாலையில் படிப்பித்தவர். நான் வெட்டிய 25 பேரில் ஒருவர். வாதம் வந்து நாலு வருடம் மகள் வீட்டில் இருந்தாராம். எழுத முடியாமல் இருந்ததாம். ஒவ்வொரு வருடமும் எங்கள் கடிதத்தை மகள் வாசித்துக் காட்ட, தலையணைக்குக் கீழே வைத்திருப்பாராம். 'இம்முறை கடிதம் வரவில்லை. சங்கம் இருக்கிறதா? நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? என்னை மறந்துவிட்டீர்களா?' என்று நடுங்கிய கையெழுத்தில் கேட்டிருந்தார். கூடவே 10,000 ரூபாவுக்குக் காசுக்கட்டளை.

நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டேன். பொருளாளர் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அன்று பின்னேரமே ரீச்சருக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். மற்ற 24 பேரையும் அந்த வருடம் திரும்பச் சேர்த்தோம். அவர்களில் ஐந்து பேர்தான் பதில் தந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இப்போது ஒருவரை வெட்டுமுன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, இலக்கம் இல்லையென்றால் ஊர்க்காரர் யாரிடமாவது ஒரு விசாரிப்பு. அதற்குப் பிறகே பேனை. முத்திரையோடு பதில் உறை வேண்டும் என்று கேட்ட வயதானவர்கள் 17 பேருக்கு மட்டும் அதை வைக்கிறோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது எங்களுக்கு இன்னும் சரிவரவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சகோதரி, எங்களைப் போலத் துணையை இழந்தவ, இடியப்பம் அவித்து விற்கிறவ. வருடந்தோறும் 100 ரூபா அனுப்புவா. வங்கிக்குப் போக நேரமில்லையென்று தாளைக் கடிதத்துக்குள் மடித்து வைத்துவிடுவா. (காசைச் சாதாரண கடிதத்துக்குள் வைக்காதீர்கள், தொலைந்தால் கேட்க வழியில்லை. அவவுக்கும் சொல்லியாயிற்று.) நூறு ரூபா அனுப்ப அவவுக்கு முத்திரை 50 ரூபா. அவவிடம் கேட்க எங்களுக்கு 62 ரூபா. பற்றுச்சீட்டு அனுப்ப இன்னொரு 50. கூட்டிப் பாருங்கள், எங்களுக்கு நட்டம். தொலைபேசி உள்ளவர்களுக்குப் பற்றுச்சீட்டு இலக்கத்தை வாயால் சொல்லிவிடுகிறோம். அவவிடம் போனும் இல்லை.

போன வருடம் பட்டியல் பார்க்கும்போது பொருளாளர் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "கணக்கெண்டால் கணக்குத்தானே அக்கா" என்றாள். அவள் சொன்னது பிழையல்ல. பெரியக்கா எழும்பிப் போய், கோவையிலிருந்து அந்தச் சகோதரி எழுதிய துண்டை எடுத்து வந்து வாசிக்கச் சொன்னா. 'என்ர மகனுக்கு 2013இல நீங்கள் சப்பாத்து வாங்கித் தந்தனீங்கள். இப்ப அவன் மேசன் வேலைக்குப் போறான். இது அவன் தந்த காசு' என்று இருந்தது. பொருளாளர் அழிரப்பரைத் தேடினாள்.

அவவின் பற்றுச்சீட்டை இப்போது தபாலில் போடுவதில்லை. எங்கள் அங்கத்தவர் ஒருவர் மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் கருவாடு எடுக்கப் போகிறவ, அவ கையில் கொடுத்துவிடுகிறோம். போகிறவ வரும்போது இடியப்பப் பார்சலோடு வருகிறா. அதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று பொருளாளர் கேட்கிறாள்.

இந்த வருடக் கடிதம் 181 பேருக்கு. மடித்து ஒட்டி, விலாசமும் எழுதியாயிற்று. திங்கட்கிழமை முத்திரை வாங்கப் போகவேண்டும்.